இயற்கை நார்த் தரைவிரிப்புகள்: வாங்கும் முன் எழும் கேள்விகள்

சணல், தென்னை நார், கம்பளி, பருத்தி என்று லேபிளில் போட்டிருந்தாலே அந்த விரிப்பு சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் லேபிள் பேசுவது பெரும்பாலும் மேலே தெரியும் நாரைப் பற்றி மட்டும்தான். அடியில் இருக்கும் பசை, ஏற்றிய சாயம், கறை பிடிக்காமல் இருக்கத் தெளித்த பூச்சு பற்றியெல்லாம் அது வாய் திறப்பதில்லை. அதனால் கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களையே சுற்றி வருகின்றன: விரிப்பின் அடியில் என்ன இருக்கிறது, அதைப் போடப்போகும் இடத்தில் ஈரம் எவ்வளவு.

செயற்கைக் கம்பளத்தில் அப்படி என்ன பிரச்சினை?

நைலான், பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் எல்லாமே பெட்ரோலியத்திலிருந்து வருபவை. நடக்க நடக்கத் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளாக வீட்டுத் தூசியோடு கலக்கின்றன. தூக்கிப் போட்டால் மட்குவதில்லை. இழை, பசை, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஒட்டியிருப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்வதும் கடினம்.

கறை பிடிக்காமல் இருக்கப் பூசும் ஃபுளோரின் சேர்மங்கள் இன்னொரு தலைவலி. இவை எளிதில் சிதைவதில்லை. தண்ணீரிலும் உடலிலும் தங்கிவிடுகின்றன. ஸ்காட்ச்கார்டு பூச்சில் பயன்பட்ட இந்த வகைச் சேர்மம் ஒன்றின் தயாரிப்பைக் கைவிடுவதாக த்ரீஎம் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அறிவித்தது. அதற்குப் பிறகும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சேர்மங்கள் சந்தையில் இருந்தன. இயற்கை நார் விரிப்புக்கும் இந்தப் பூச்சைத் தெளித்து விற்பதுண்டு. எனவே ‘கறை பிடிக்காது’ என்று விற்பவர் சொன்னால், எதனால் பிடிக்காது என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஏற்கெனவே நல்ல நிலையில் ஒரு நைலான் கம்பளம் இருந்தால், அதைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு சணல் விரிப்பு வாங்குவதில் சுற்றுச்சூழலுக்கு லாபம் இல்லை. அது தேயும்வரை பயன்படுத்துங்கள்.

எந்த அறைக்கு எந்த நார்?

முதலில் அந்த இடத்தில் தண்ணீர் படுமா என்று பாருங்கள். நிறம், மென்மை எல்லாம் அப்புறம். இயற்கை நார் விரிப்புகள் சீக்கிரம் வீணாவதற்கு நடையை விட ஈரம்தான் பெரிய காரணம்.

குளியலறை வாசல், சமையல் மேடைக்கு முன்பு, சுவர் வியர்க்கும் கீழ்த்தள அறை போன்ற இடங்களில் சணலையும், கற்றாழை போன்ற செடியின் இலை நாரான சிசலையும் நினைக்கவே வேண்டாம். அங்கே துவைத்துக் காயப்போட முடிகிற பருத்தி விரிப்புதான் சரி. வெளிவாசலில் தென்னை நார். நடமாட்டம் அதிகமுள்ள, ஆனால் ஈரம் படாத கூடத்திலும் நடையிலும் சிசல் அல்லது கம்பளி. வெறுங்காலோடு புழங்கும் படுக்கையறையில் கம்பளி அல்லது சணல். சாப்பாட்டு மேசைக்கு அடியில் விரிப்பே போடாமல் இருப்பது உத்தமம் என்பது என் கருத்து. போட்டே தீர வேண்டும் என்றால் துவைக்கக்கூடிய ஜமுக்காளம் போடுங்கள்.

சணல் விரிப்பு மென்மையாக இருக்கிறது. ஆனால் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே?

இரண்டுமே உண்மை. தாவர நார் விரிப்புகளில் காலுக்கு இதமானவற்றில் சணலும் ஒன்று. ஏறத்தாழ நான்கு மாதத்தில் விளைந்துவிடும், பெரும்பாலும் மழையை நம்பியே வளரும் பயிர். உலகச் சணலில் பெரும்பங்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலும் விளைகிறது. சூழலியல் கணக்கில் நல்ல மதிப்பெண்தான்.

ஆனால் நனைந்தால் சணல் பலம் இழக்கும். காயும்போது பழுப்புக் கறை விடும். நாருக்கு விறைப்பு தரும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டால் நிறம் மாறுவதால், ஜன்னலோரம் போட்ட சணல் விரிப்பு ஒரு பக்கம் மட்டும் கருத்துப்போகும். நாற்காலியை இழுத்துப் போடும் இடத்தில் நூல் பிரிந்து எழும். ஆள் நடமாட்டம் குறைவான உலர்ந்த அறையில் போட்டால் பல வருடம் வரும். நடைபாதையில் போட்டுவிட்டுக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சிசல் என்பது எது?

கற்றாழை போலத் தோற்றமளிக்கும் அகேவ் இனச் செடி ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் நார். பூர்வீகம் மெக்சிகோ, இன்று பிரேசில், தான்சானியா, கென்யா ஆகிய நாடுகளில் அதிகம் விளைகிறது. ஒரு செடி தன் ஆயுளில் 200 முதல் 250 இலைகள் தரும். ஆனால் இலையின் எடையில் நாராகத் தேறுவது சுமார் 4 சதவீதம்தான்.

தேய்மானத்தைத் தாங்குவதில் சிசலுக்கு நல்ல பெயர் உண்டு. சாயமும் நன்றாக ஏறும். குறை என்னவென்றால் சொரசொரப்பு. குழந்தை தவழும் இடத்தில் முழங்கால் சிவந்துவிடும். இன்னொன்று, இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து விரியும், உலர்ந்தால் சுருங்கும். சுவருக்குச் சுவர் விரிக்க நினைப்பவர்கள் சுருளைப் பிரித்து அதே அறையில் ஓரிரு நாள் போட்டுவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் இடைவெளி விழும்.

தென்னை நார் வாசலுக்கு மட்டும்தானா?

பெரும்பாலும் ஆமாம். தென்னை நாரில் லிக்னின் 40 சதவீதத்துக்கும் மேல். அதனால்தான் அது விறைப்பாக இருக்கிறது, ஈரத்தில் எளிதில் அழுகுவதில்லை, செருப்பு மண்ணை நன்றாகச் சுரண்டி எடுக்கிறது. வீட்டுக்குள் வெறுங்காலுக்குக் குத்தும்.

தேங்காய்க்காக வளர்க்கும் மரத்தின் காய் மட்டையிலிருந்து கிடைப்பதால் இதற்கென்று தனி நிலம் வேண்டாம் என்பது பெரிய அனுகூலம். அதே சமயம், மட்டையைக் காயல்களில் மாதக்கணக்கில் ஊறப்போடும் பழைய முறை நீரின் ஆக்சிஜனைக் குறைத்து மீன்வளத்தைப் பாதிக்கிறது. இயந்திரத்தில் நார் பிரிப்பதில் இந்தச் சிக்கல் குறைவு. கால்மிதி வாங்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். வழவழப்பான, கனமான பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பிவிசி. கயிற்றிலேயே பின்னியது, அல்லது இயற்கை ரப்பர் அடியுள்ளது என்றால் மேல்.

சீகிராஸ், கோரை?

சீகிராஸ் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் சீனாவிலும் வியட்நாமிலும் சதுப்பான வயல்களில் வளரும் புல் வகை. மேலே மெழுகு போன்ற வழவழப்பு இருப்பதால் சிந்தியது உடனே உள்ளே இறங்காது. அதே காரணத்தால் சாயமும் ஏறாது, இயற்கை நிறத்தில்தான் கிடைக்கும். சாயம் ஏறும் என்பதைத் தவிர, கோரைப்பாயும் ஏறக்குறைய இதே குணம்தான். மிகவும் வறண்ட அறையில் இரண்டும் நொறுங்கும். கனமான சோபாவை மேலே இழுத்தால் தண்டு ஒடிந்துவிடும்.

பருத்தி விரிப்பு பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லையே?

பகட்டில்லாத சரக்கு என்பதால் இருக்கலாம். ஆனால் தினசரிப் புழக்கத்துக்கு இதைவிட வசதியானது கிடையாது. நனைந்தால் பருத்தி நாரின் வலிமை கூடும், சணலுக்கு நேர் எதிர். அதனால் பயமின்றித் துவைக்கலாம். தட்டையாக நெய்த ஜமுக்காளத்துக்குப் பசையும் கிடையாது, தனி அடித்துணியும் கிடையாது; நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் மட்டும்தான். இரண்டு பக்கமும் புழங்கலாம்.

குறை வயலில் இருக்கிறது. வழக்கமான பருத்திச் சாகுபடி நீரையும் பூச்சிமருந்தையும் நிறைய விழுங்கும். இயற்கை விவசாயப் பருத்தியோ, பழைய துணியைப் பிரித்து நெய்ததோ கிடைத்தால் அதை எடுங்கள்.

கம்பளிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

அதன் இழையின் அமைப்புதான் காரணம். கம்பளி இழை இயல்பாகவே சுருள் சுருளாக இருக்கும். அழுத்தினால் மடங்கி, விட்டால் நிமிரும். மேசைக்கால் பதிந்த பள்ளம் மெல்ல மேலெழும்புவது இதனால்தான். இழையின் வெளிப்புறம் செதில்களால் ஆனது, சிந்திய திரவம் சிறிது நேரம் முத்தாக நிற்கும். ஓடிப்போய்த் துணி எடுத்துவர அவகாசம் கிடைக்கும். உட்புறமோ தன் எடையில் 30 சதவீதம் வரை நீராவியை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாத ரகம். அறையின் ஈரப்பதம் ஏறி இறங்குவதை ஓரளவு சமன் செய்யும்.

எளிதில் தீப்பிடிக்காது என்பதும் உண்டு. கம்பளி பற்றிக்கொள்ள ஏறக்குறைய 570 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். அப்படியே பற்றினாலும் உருகி ஒழுகாது. கீழே விழுந்த தீக்குச்சி நைலானில் ஓட்டை போட்டுவிடும். கம்பளியில் மேலே கருகி நின்றுவிடுவதே வழக்கம், கருகலைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

குறைகளையும் மறைக்க வேண்டாம். செம்மறியாடு அசைபோடும் பிராணி, மீத்தேன் விடும். அதனால் ஒரு கிலோ நாருக்கான கரியமில வாயுக் கணக்கில் சணலும் சிசலும் கம்பளியைவிடக் குறைவாகவே வரும். ஆடுகளின் பின்புறத் தோலை அறுத்தெடுக்கும் மியூல்சிங் என்ற வழக்கம் ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இருப்பதால், அது இல்லாத கம்பளியா என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், பல பத்தாண்டுகள் உழைக்கும் விரிப்பு என்றால் மட்டுமே கம்பளியின் கணக்கு நேராகும். ஐந்து வருடத்தில் கழற்றி எறியப் போகிறீர்கள் என்றால் கம்பளி வேண்டாம்.

மூங்கில் பட்டு, வாழைப் பட்டு என்று பளபளப்பாக விற்கிறார்களே, அதுவும் இயற்கை நார்தானே?

பெரும்பாலும் இல்லை. மரக்கூழையோ மூங்கில் கூழையோ ரசாயனத்தில் கரைத்து இழையாக வடித்த விஸ்கோஸ் அது. கரைக்கப் பயன்படும் கார்பன் டைசல்ஃபைடு ஆலைத் தொழிலாளர்களின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடிய நச்சு. விஸ்கோஸ் துணியை மூங்கில் என்று விற்றதற்காக அமெரிக்க வணிக ஆணையம் 2013-இல் அமேசான் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களிடம் மொத்தம் 12.6 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. 2022-இல் வால்மார்ட், கோல்ஸ் இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்டின.

சூழலை விடுங்கள், பண்டமாகவே இது மோசம். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் இழை படிந்து, மஞ்சளித்து, பழைய நிலைக்கு வருவதே இல்லை. மூங்கிலைக் கீற்றாகச் சீவித் தைத்த பாய் வேறு, அது மூங்கிலேதான்.

விரிப்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்தால் என்ன தெரியும்?

கிட்டத்தட்ட எல்லாமே தெரியும். கையால் முடிச்சிட்ட கம்பளமாக இருந்தால் மேலே உள்ள கோலம் அடியிலும் அப்படியே தெரியும். ஓரக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாகவே இருக்கும். இதில் பசையே இல்லை.

அடியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு துணி முழுவதுமாக மூடியிருக்கிறதா? அப்படியானால் அது துப்பாக்கி போன்ற கருவியால் இழையைத் துணிக்குள் குத்தி இறக்கி, லேடெக்ஸ் பூசி, அந்தப் பூச்சை மறைக்க இன்னொரு துணி ஒட்டியது. டஃப்டட் என்பார்கள். இதையும் ‘கையால் செய்தது’ என்றுதான் விற்பார்கள், பொய்யும் இல்லை. ஆனால் மேலே நூறு சதவீதம் கம்பளியாக இருந்தாலும் இழையைப் பிடித்துவைத்திருப்பது பசைதான். வருடங்கள் போனால் அந்த லேடெக்ஸ் காய்ந்து, மாவாக உதிரும். தரையில் மஞ்சள் தூள் படிந்தால் விரிப்பின் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம்.

‘லேடெக்ஸ்’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். ரப்பர் மரப்பாலும் லேடெக்ஸ்தான், பெட்ரோலியத்தில் செய்த ஸ்டைரீன்-பியூட்டாடையீன் குழம்பும் லேடெக்ஸ்தான். எது என்று கேட்க வேண்டும். பதில் தெரியாத விற்பனையாளர் ‘எல்லாம் இயற்கைதான்’ என்று சொல்வார். சிசல், சீகிராஸ் விரிப்புகளுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு லேடெக்ஸ் அடி இருக்கும். அது வேண்டாம் என்றால் தட்டையாக நெய்ததையோ பின்னலைச் சுற்றித் தைத்ததையோ தேடுங்கள்.

புது விரிப்பு வாடை அடிக்கிறது. ஆபத்தா?

எந்த வாடை என்பதைப் பொறுத்தது. புதுக் கம்பளத்துக்கே உரிய அந்தக் காரமான வாடை பெரும்பாலும் செயற்கை லேடெக்ஸில் உண்டாகும் ஒரு சேர்மத்திலிருந்து வருகிறது. ஜன்னலைத் திறந்துவைத்தால் சில நாட்களிலிருந்து சில வாரங்களில் குறையும். சணலில் மண்ணெண்ணெய் போல அடித்தால், நூற்கும்போது நாரை மென்மையாக்கத் தெளித்த கனிம எண்ணெய் காரணம். தாவர எண்ணெயில் பதப்படுத்திய சணலும் கிடைக்கிறது. கம்பளியில் லேசான ஆட்டு வாடை இயல்பு. ஊசிப்போன, புழுங்கிய வாடை என்றால் கிடங்கிலேயே ஈரம் ஏறியிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இயற்கைச் சாயம் என்றால் கவலை இல்லைதானே?

அவுரியும் மஞ்சிட்டி வேரும் நல்லவைதான். ஆனால் மஞ்சிட்டி போன்ற பல சாயங்கள் இழையில் நிற்க உலோக உப்பு வேண்டும். படிகாரம் போட்டால் தொல்லை குறைவு. குரோமியம் போட்டால் கழிவுநீர் நஞ்சு. மறுபக்கம், நன்றாகச் செய்த நவீனச் சாயம் வெயிலிலும் துவைப்பிலும் நின்று விரிப்பின் ஆயுளைக் கூட்டும். சாயமே ஏற்றாத, ஆட்டின் நிறத்திலேயே உள்ள கம்பளி கிடைத்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. வாங்கும் முன் ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் தரையிலும் ஒட்டும்.

முத்திரைகளில் எதை நம்பலாம்?

ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. குட்வீவ், தயாரிப்பில் குழந்தைத் தொழிலாளர் இல்லை என்பதற்கானது. பின்னாளில் 2014-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் 1994-இல் ரக்மார்க் என்ற பெயரில் தொடங்கியது இது. காட்ஸ் (GOTS) என்ற இயற்கை விவசாயத் துணி முத்திரைக்குக் குறைந்தது 70 சதவீதம் சான்று பெற்ற இயற்கை விவசாய நார் வேண்டும், பதப்படுத்தும் ரசாயனங்களுக்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100, கையில் வரும் பொருளில் தீங்கான வேதிப்பொருள் இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும்; பாலியெஸ்டரும் இதை வாங்கலாம். கிரீன் லேபல் பிளஸ், விரிப்பிலிருந்து காற்றில் கலக்கும் ஆவிகளைப் பற்றியது. ‘பசுமை’, ‘எகோ’ என்று இலை படம் போட்டவை எல்லாம் அச்சகத்தில் வாங்கியவை.

தூசி ஒவ்வாமை இருந்தால் விரிப்பே கூடாதா?

கூடாது என்றில்லை. நீளமான இழை கொண்ட, தரையோடு ஒட்டிய கம்பளத்தைத் தவிருங்கள். தூக்கி உதறக்கூடிய அளவில், தட்டையாக நெய்ததை எடுங்கள். தூசிப்பூச்சிக்கு ஈரம்தான் உயிர். அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது பெருகாது. சணல், சிசல் பின்னலின் இடுக்குகளில் நுண்மணல் இறங்கி அடியில் படியும். மாதம் ஒருமுறை சுருட்டித் தரையைக் கூட்டுங்கள்.

வழுக்காமல் இருக்க அடியில் என்ன போடுவது?

கம்பளிக் கழிவில் அழுத்திச் செய்த ஃபெல்ட்டும் இயற்கை ரப்பரும் சேர்ந்த அடிவிரிப்பு. விரிப்பைவிட எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவாக வெட்டுங்கள். தரை வினைல் என்றால் ரப்பர் வேண்டாம், கறை பதியும். வெறும் ஃபெல்ட் போதும்.

புதுக் கம்பளியிலிருந்து பஞ்சு பஞ்சாக உதிர்கிறதே?

வெட்டிய இழையில் தங்கிய துண்டுகள் வெளியே வருகின்றன. சில மாதங்களில் அடங்கும். சுழலும் பிரஷ் உள்ள வாக்குவம் கிளீனரை ஓட்டினால் அடங்கவே அடங்காது, பிரஷ்ஷை நிறுத்திவிட்டு உறிஞ்ச மட்டும் விடுங்கள். ஒற்றை நூல் நீண்டு நின்றால் இழுக்காமல் கத்தரியுங்கள்.

கறை பட்டால்?

தேய்க்காதீர்கள். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. கம்பளிக்குக் குளிர்ந்த நீரும் காரமில்லாத மென்மையான சோப்பும் போதும். சலவைச் சோடா இழையைக் கெடுக்கும், குளோரின் பிளீச்சிங் கம்பளியைக் கரைத்தே விடும். சணல், சிசலில் தண்ணீர் பட்ட வட்டமே கறையாக நிற்கும் என்பதால் மிகக் குறைந்த ஈரத்தோடு ஒற்றி, உடனே மின்விசிறிக்கு முன் காயவிடுங்கள். இவற்றை நீராவி இயந்திரத்துக்குக் கொடுக்கவே கூடாது.

அந்துப்பூச்சியை எப்படித் தடுப்பது?

பருத்தி, சணல், சிசலில் இந்தத் தொல்லை கிடையாது. அந்தின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் தின்பது கம்பளியில் உள்ள கெராட்டின் என்ற புரதத்தை. அவை வெளிச்சமும் நடமாட்டமும் இல்லாத இடம் தேடும். சோபாவுக்கு அடியில் மாட்டிய பகுதியில்தான் முதல் ஓட்டை விழும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரிப்பைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தையும் வாக்குவம் செய்தால் பெரும்பாலும் போதும். சிறிய விரிப்பில் புழு கண்டால், பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். அந்துருண்டை வேண்டாம், நாப்தலீன் ஆவி நமக்கும் நல்லதல்ல.

உண்மையான கம்பளிதானா என்று எப்படி அறிவது?

ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும். பருத்தியும் சணலும் காகிதம் எரிவது போல வாடை தரும். விஸ்கோஸும் அப்படியே எரியும் என்பதால் அதை இந்த முறையில் பிடிக்க முடியாது. நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணியாகும். 80 சதவீதம் கம்பளியும் 20 சதவீதம் நைலானும் கலந்த விரிப்புகள் பரவலாக உள்ளன. உழைப்பு நன்றாகத்தான் இருக்கும், மட்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய கம்பளம் வாங்கலாமா?

தாராளமாக. புதிதாக எதையும் உற்பத்தி செய்யத் தேவையில்லாத விரிப்பு அதுதான். முடிச்சிட்ட கம்பளி அசாத்திய ஆயுள் கொண்டது. ரஷ்யத் தொல்லியலாளர் செர்கேய் ருடென்கோ 1949-இல் அல்தாய் மலையின் ஒரு கல்லறையில் கண்டெடுத்த பசிரிக் கம்பளம் ஏறக்குறைய 2,400 ஆண்டு பழையது, பனியில் உறைந்து கிடந்ததால் தப்பியது. வீட்டில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாதுதான். பழையதை வாங்கும்போது அடிப்பக்கத்தை மடக்கிப் பாருங்கள். சடசடவென்று சத்தம் வந்தால் பாவு நூல் இற்றிருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்து தின்ற ஓட்டைகள் தெரியும்.

தேய்ந்துபோன விரிப்பை மட்கவிடலாமா?

பசையும் செயற்கை அடித்துணியும் இல்லாவிட்டால் தாராளமாக மட்கவிடலாம். சணலையும் பருத்தியையும் துண்டுகளாக வெட்டி உரக்குழியில் போடுங்கள். கம்பளி மெதுவாக மட்கி மண்ணுக்கு நைட்ரஜன் தரும். செடியைச் சுற்றிப் பரப்பினால் ஈரமும் காக்கும். தென்னை நார் மட்க வெகுகாலம் ஆகும், அதைச் செடித்தொட்டிக்கு உள்ளுறையாகப் பயன்படுத்தலாம். லேடெக்ஸ் அடி ஒட்டியதை மண்ணில் போடாதீர்கள். கிழிந்த பகுதியை வெட்டிவிட்டு, ஓரம் தைத்து, கார் டிக்கியிலோ நாய் படுக்கவோ போட்டுத் தேய்த்து முடியுங்கள்.